நடுவில் படுத்த கோடு, இரண்டு

என் ஓரகத்தி மகளுக்குப் பேருந்துப் பணிமனையில் கருந்திரை என்று பெயர். முகத்துக்கு நேரே 'அக்கா' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் கருந்திரை. அலுவலகத்தில் மற்றவர்கள் கணினியில் படமும் பொத்தானுமாக நிறைந்த பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். இவள் மட்டும் கணினித் திரையில் கன்னங்கரேலென்று ஒரு சன்னலைத் திறந்து அதில் ஒரே ஒரு வரியைத் தட்டுவாள். எழுத்து, புள்ளி, கோடு, இடைவெளி, மறுபடியும் கோடு. தட்டி முடித்து எண்டரை அழுத்தினால், நாளைக்கு எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்கிற பட்டியல் ஒரு மூச்சு விடுவதற்குள் தயாராகி எல்லார் கைபேசிக்கும் போய்ச் சேரும். அவள் வேலையின் சாரம் அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வசவு.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். ஆனாலும் அந்த வளாகத்தில் இவளைப் போல ஒரு நாள் விடாமல் ஓட்டியவர்கள் வேறு யாரும் இல்லை. அங்கே எல்லாமே ஓட்டுவதுதான். வண்டியை ஓட்டுவார்கள், பொழுதை ஓட்டுவார்கள், பக்கத்தில் இருப்பவனை ஓட்டு ஓட்டு என்று ஓட்டுவார்கள். இவள் கோடு ஓட்டுகிறாள். கணினிக்காரர்கள் தாங்கள் எழுதுவதைக் 'கோடு' என்றுதான் சொல்கிறார்கள். நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடுகிற கோட்டுக்கும் அதற்கும் தமிழில் எழுத்து ஒன்றாகப் போய்விட்டது. இதனால் என்ன குழப்பம் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கோடு எழுதப்பட்ட மொழிக்குப் பைத்தான் என்று பெயர். மலைப்பாம்பையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் ஒருநாள் அவள் மாமியாரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தவறியது வாய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் அந்த அம்மாள் மருமகள் வேலை முடிந்து வந்தால் கைகால் கழுவாமல் அடுக்களைக்குள் விடுவதில்லை.

"தினமும் அதை ஓட்டுறியாமே, கடிக்காதாடி?"

"கடிச்சுக்கிட்டேதான் இருக்கு அத்தை" என்பாள் இவள், நாற்காலியில் அப்படியே சரிந்துகொண்டு. பையைத் தோளிலிருந்து இறக்கி வைக்கிற தெம்பு வருவதற்கே கொஞ்ச நேரம் ஆகும்.

இந்த வேலை அவள் தலையில் விழுந்தது தற்செயலாக. தலைமை அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பொறியாளர் வந்து, காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்த பட்டியலைக் கணினிக்கு மாற்றினார். அவர் வந்த சமயம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இவள் மட்டும் வயிறு சரியில்லை என்று உட்கார்ந்திருந்தாள். அகப்பட்டவள் அவள்தான்.

"இப்போதைக்கு இந்த வரியை அடிச்சு ஓட்டிக்குங்க மேடம். அடுத்த வாரம் ஒரு பட்டன் வெச்சுக் கொடுத்துடறேன். தட்டினா போதும்."

அடுத்த வாரம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பட்டன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. தலைமை அலுவலகத்தைக் கேட்டால், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், யாரும் எதையும் தொட வேண்டாம் என்று பதில்.

முன்கூட்டியே ஓட்டி வைத்துவிட்டுப் போகவும் முடியாது. எந்த வண்டி பழுது, யார் விடுப்பு என்பதெல்லாம் காலையில்தான் முடிவாகும். பட்டியல் மதியத்துக்குள் போயாக வேண்டும். கருஞ்சன்னலுக்கு ஞாபகம் கிடையாது, மூடினால் அடித்ததெல்லாம் மறந்துவிடும். மறுநாள் முதல் எழுத்திலிருந்து அடிக்க வேண்டும். மேலாளர் தங்கமான மனிதர்தான், ஆனால் அந்தக் கறுப்பைக் கண்டால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். ஒரு எழுத்து மாறித் தட்டினால் பணிமனையே அழிந்துபோகும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. "நமக்கு அதெல்லாம் எதுக்கும்மா, நீங்கதான் இருக்கீங்களே" என்பார். அவள் இருந்தாள். காய்ச்சலில் இருந்தாள், கால் வீங்கி இருந்தாள், தம்பி கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு போய் ஒரு வரி அடித்துவிட்டு வந்து படத்துக்கு நின்றாள். அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், இவள் மட்டும் கண்ணைச் சுருக்கி எங்கேயோ ஒரு புள்ளியைத் தேடுகிறாள்.

கணவரும் அதே பணிமனையில் ஓட்டுநர். அதனால் வசவு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

"நாளைக்கும் எனக்கு முதல் வண்டியா? நீ போட்டதுதானே."

"நான் போடலீங்க. அது போட்டுது."

"அதை ஓட்டுறது யாரு?"

"நான்தான் ஓட்டுறேன். ஆனா நான் போடல."

"நல்லா இருக்கு. நான் பஸ்ஸை ஓட்டிட்டு, சுவத்துல நான் மோதல, அது மோதுச்சுன்னு சொன்னா விடுவானா?"

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள். படுத்த பிறகும் விட்டதா என்றால் இல்லை. தூக்கத்திலேயே அந்த வரியைச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் நானே கேட்டிருக்கிறேன். 'இடம் விட்டு... கோடு கோடு... இடம் விட்டு...' என்று ஒரே ராகத்தில் போய், கடைசியில் வார்த்தை குழைந்து மூச்சாகிவிடும். குறட்டைக்குப் பதில் இது என்று அவர் அலுத்துக்கொள்வார். முதல் வண்டிக்காக இருட்டோடு எழுகிற மனிதருக்கு, வருடக்கணக்காக அதுதான் அலாரம்.

இப்படியிருக்கையில் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. பித்தப்பையில் கல் என்றார்கள். எடுத்துவிட்டால் சரியாகும், தள்ளிப்போட்டால் ஒருநாள் அவசரமாக எடுக்க வேண்டிவரும், அது நல்லதல்ல என்று மருத்துவர் சொன்னார். நாள் குறித்தார்கள். அந்த வாரம் மேலாளருக்குப் பயிற்சி வகுப்பு, தள்ளிப்போனது. மறுபடி குறித்தார்கள். புதுத் தடங்கள் வந்தன, தள்ளிப்போனது. மூன்றாவது முறை ஏன் தள்ளிப்போனது என்பது அவளுக்கே மறந்துவிட்டது. அதற்கிடையில் ஒரு இரவு வலியில் சுருண்டு, விடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நான்காவது முறை நாள் குறித்தபோது மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை வரலைன்னா வேற டாக்டரைப் பாருங்கம்மா. எனக்கு உங்களைப் பார்த்தாலே பயமா இருக்கு."

இந்த முறை அவள் ஏற்பாட்டோடுதான் போனாள். முந்தின நாள் கருஞ்சன்னலை மூடாமலே விட்டுவிட்டு வந்தாள். மூடாத வரைக்கும் அதற்கு ஞாபகம் இருக்கும். மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் நேற்று அடித்த வரி அப்படியே வரும், தேதியை மட்டும் மாற்றி எண்டரை அழுத்தினால் போதும். மேலாளருக்குப் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தாள். அதுவும் போதாதென்று அதே வரியைத் தன் கைபேசியில் அடித்து அவருக்கு அனுப்பியும் வைத்தாள். இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்.

அறுவை சிகிச்சையன்று துணைக்கு நான் போயிருந்தேன். இரண்டு கட்டில் போட்ட அறை, பக்கத்துக் கட்டில் காலி. முதுகில் முடிச்சுப் போடும் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் மறுநாளைக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்த கணவர் சன்னலோரமாக நின்று கீழே நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை நான் அவ்வளவு சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கொட்டாவி கொட்டாவியாக விட்டாள். அந்த அறையில் இருந்த காற்று முழுவதையும் அவளே இழுத்துவிட்டாள். எனக்கு மூச்சு முட்டிற்று.

அப்போதுதான் கைபேசி அடித்தது. மேலாளர்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கறுப்பு இல்லை."

"இல்லைன்னா? நான் திறந்து வெச்சுட்டுத்தானே சார் வந்தேன்."

"வாட்ச்மேன் ராத்திரி எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போயிருக்கார். கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லி நான்தான் சுற்றறிக்கை விட்டேன்."

"பரவாயில்ல சார். புதுசா ஒண்ணைத் திறந்து, நான் அனுப்பினதை எடுத்து ஒட்டுங்க."

"ஒட்டினேன்மா. என்னமோ இங்கிலீஷ்ல திட்டுது."

அவள் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு தன் கைபேசியில் தான் அனுப்பிய வரியை எடுத்துப் பார்த்து, மெதுவாகப் பெருமூச்சு விட்டாள். கைபேசிக்கு அழகுணர்ச்சி அதிகம். சின்னக் கோடு இரண்டு அடுத்தடுத்து நின்றால் அதற்குப் பொறுக்காது. இரண்டையும் சேர்த்து நீளமாக ஒரே கோடாக இழுத்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கணினிக்குத்தான் அது ஏதோ வேற்றுமொழி.

"சார், நான் சொல்லச் சொல்ல அடிங்க. பைத்தான். அப்புறம் இடம் விடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"சார்?"

"எழுந்துட்டேன்மா. யாரு உட்காரணும்?"

உண்மையாகவே நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாராம். நான் கூட்டிச் சொல்லவில்லை.

"எழுத்துக்கு நடுவுல இடம் சார். நீளப் பட்டன் ஒண்ணு இருக்கும் பாருங்க, கீழே. அதைத் தட்டுங்க. அப்புறம் ட்யூட்டி. அப்புறம் கோடு."

"கோடுன்னா நீங்க ஓட்டுற கோடா?"

"இல்ல சார், போடுற கோடு."

"எந்தக் கோடு? நிக்கிறதா, சாய்ஞ்சதா?"

"படுத்தது."

"படுத்தது ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு கீழ படுத்திருக்கு, ஒண்ணு நடுவுல படுத்திருக்கு."

"இங்க கீழ படுத்தது சார். அடுத்து வர்ற எடத்துலதான் நடுவுல படுத்தது, ரெண்டு."

"நீங்களும் கொஞ்சம் படுங்கம்மா" என்றாள் செவிலி, ஊசியோடு உள்ளே வந்து.

இவள் படுக்கவில்லை. அந்தப் பக்கம் மேலாளரின் குரல் உடைந்துகொண்டிருந்தது. "எனக்கு இது வராதும்மா. ஒரு வண்டி அனுப்பட்டுமா? பத்து நிமிஷம். வந்து ஓட்டிட்டுப் போயிடுங்க. டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

அவள் மறுக்கவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. அவள் கால் இரண்டும் தானாகக் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் இப்படியும் அப்படியுமாகத் துழாவின.

"பெரியம்மா, என் செருப்பு எங்க?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். செருப்பு என் பையில் இருந்தது. காலையிலேயே எடுத்து உள்ளே போட்டு, மேலே துண்டை மடித்து வைத்திருந்தேன்.

கணவர் சன்னலை விட்டு வந்தார். அவள் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டார். அதட்டவில்லை, பிடுங்கவும் இல்லை; பயணி ஒருவர் மறந்து வைத்த குடையை எடுத்து வைப்பதுபோல எடுத்துக்கொண்டார்.

"படு" என்றார்.

"லிஸ்ட் போகலைன்னா நாளைக்கு யார் வருவா? வண்டி எல்லாம் நிக்குங்க."

"நிக்கட்டும். நானும்தான் தினம் சிக்னல்ல நிக்கிறேன். படு."

அவள் படுத்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் கையை நீட்டி ஏதோ சொல்ல வந்தாள். ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது, நாக்கு ஒத்துழைக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

நடைவழியில் நானும் அவரும் நின்றோம். அவர் கையிலிருந்த அவள் கைபேசி மறுபடி அடித்தது.

"மொத்தமா அழிஞ்சுடுச்சுப்பா. எதைத் தட்டினேன்னு தெரியல. அம்மா இருக்காங்களா?"

"உள்ள போயிட்டா சார்."

"போச்சு. மதியம் ஆகப்போகுது. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு ஸ்டியரிங்தான் சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, நெற்றியைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். "இருங்க. வருது."

அவர் குரலில் அதுவரை நான் கேட்காத ஒரு ராகம் வந்தது. அது அவர் ராகமே அல்ல. அவள் தூக்கத்தில் இழுக்கிற இழுப்பு.

"பைத்தான். இடம் விட்டு. ட்யூட்டி, கீழ கோடு, லிஸ்ட், புள்ளி, பி, ஒய். இடம் விட்டு. கோடு கோடு டேட். இடம் விட்டு. நாளைத் தேதி. இடம் விட்டு. கோடு கோடு ஷெட். இடம் விட்டு. ரெண்டு."

"மெதுவா, மெதுவா. ஷெட்டுக்கு முன்னாடி நடுக்கோடா?"

"ஆமா சார். கோடு கோடுன்னா ரெண்டும் நடுவுல படுத்தது, கீழன்னா கீழ. அவ அப்படித்தான் சொல்லுவா."

நடைவழியில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வயதான ஒருவர், மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு மனிதருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து, அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பக்கம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மேலாளரின் குரல், சின்னக் குழந்தை போல: "ஓடுதுப்பா. ஏதேதோ ஓடுது. நின்னுடுச்சு. வந்துடுச்சு."

அவர் கைபேசியைக் கீழே இறக்கினார். கை வியர்த்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய சொந்தக் கைபேசி சட்டைப்பையில் ஒருமுறை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி?"

"எனக்கு ட்யூட்டி வந்திருக்கு."

"நீங்கதான் லீவாச்சே."

"லீவுதான்." மறுபடி பார்த்தார். "முதல் வண்டி."

அதற்கப்புறம் அவர் கைபேசி ஓயவில்லை. மாமனார் வீட்டுக்குப் போயிருந்தவர் கேட்டார், பல் பிடுங்கிக்கொண்டு படுத்திருந்தவர் வாய் திறக்க முடியாமல் கேட்டார். நிச்சயதார்த்தத்துக்கு விடுப்பு எடுத்திருந்த ஒருவர், 'அக்காவுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்' என்று அழாத குறையாகக் கேட்டார். விடுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் வேலை வந்திருந்தது. ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

சாயங்காலம் அவளைத் திரும்ப அறைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார் மருத்துவர். எடுத்த கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். பேருந்தின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கல் அளவுக்கு இருந்தது என்று ஊரெல்லாம் சொல்லிவருகிறேன். அவ்வளவு பெரிதில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு அவள் இத்தனை காலம் வேலைக்குப் போனதை நினைத்தால் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

கண் திறந்ததும் அவள் கேட்டது கல்லைப் பற்றி அல்ல.

"ஓடிச்சா?"

"ஓடிச்சு" என்றார் அவர்.

"யார் ஓட்டினா?"

"சார்தான். நான் சொன்னேன், அவர் அடிச்சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் தினமும் சொல்றியே."

அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வெட்கமா அலுப்பா என்று சொல்ல முடியாத ஒன்று முகத்தில் வந்தது. "எல்லாருக்கும் போயிடுச்சா?"

"போயிடுச்சு. எனக்கும் வந்துது. முதல் வண்டி."

"நீங்க லீவுல்ல?" அவள் விட்டத்தைப் பார்த்து உதட்டை அசைத்தாள். அந்த வரியை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "ஷெட் ரெண்டுக்கு அப்புறம் இடம் விட்டு, கோடு கோடு லீவ். அதைச் சொன்னாத்தான் லீவு போட்டவங்க யாருன்னே அது பார்க்கும். சொன்னீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்குங்க. கடைசில."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ அதைச் சொன்னதே இல்லை. அதுக்குள்ள தூங்கிடுவே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் இருப்பதற்காகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது வலியால்தான் என்று அவள் சொன்னாள்.

"முதல் வண்டி நான் போடலீங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"தெரியும்" என்றார் அவர். "நான்தான் போட்டேன்."

மேலாளர் மறுபடி அழைத்தார். அவள் கை தலையணைப் பக்கம் நகர்ந்தது. அதற்குள் கணவர் எடுத்துவிட்டார். அவள் படுத்தபடியே மெல்லிய குரலில் சொன்னாள்: "இன்னொரு தரம் ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டு லிஸ்டும் போய் நிக்கும், இன்னும் குழம்பும்." அவர் அதைச் சொன்னார். விடுப்பில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லி, அந்த வண்டிகளுக்கு வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னார். முதல் வண்டிக்கு வேறு ஆள் தேட வேண்டாம், தானே எடுப்பதாகச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள்.

"நாளைக்கா? சன்னலை மூடாதீங்க சார். வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைங்க. கடைசில ஒண்ணு சேர்க்கணும், அதை எழுதிக்குங்க. இடம் விட்டு, கோடு கோடு, லீவ். ஆமா, நடுவுல படுத்ததுதான். இல்ல சார், அவ பேச மாட்டா. லீவுல இருக்கா."

மறுநாள் இருட்டோடு அவர் எழுந்து போனது எனக்கே தெரியாது. விடிந்து பார்க்கும்போது பக்கத்துக் கட்டிலில் அவர் போர்த்தியிருந்த போர்வை மடித்து வைத்திருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலைச் சாப்பாடு வந்தது, ஆறியது. செவிலி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். மதியத்துக்குச் சற்று முன்னால் அவள் திடுக்கென்று விழித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு காலை எடுத்துக் கீழே விட்டாள்.

"பெரியம்மா, என் செருப்பு எங்க?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

காலை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை நான் அந்தப் பையைத் திறக்கவில்லை.